தம்பி பார்த்த தூசி

1986ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் தேதி, சனிக்கிழமை. அன்று காலை வழக்கம்போல் ஐந்தரை மணிக்கு எழுந்தேன். குளித்து, ஜெபம் சொல்லி, தம்பிக்குச் சீனி போடாத கோப்பியும் இரண்டு தோசையும் மூடி வைத்துவிட்டு, கம்பெனி பஸ்ஸில் ஜூரோங்குக்குப் போனேன். அங்கே ஒரு கப்பல் பட்டறையின் வரைபடப் பிரிவில் எனக்கு வேலை. சனிக்கிழமை அரை நாள்தான். ஓர் இழுவைப் படகின் இயந்திர அறைப் படத்தைப் பிரதி எடுத்து முடித்தேன். பேனாக்களைக் கழுவி, மேசையைத் துடைத்து, மதியம் புக்கிட் மேராவில் உள்ள வீட்டுக்குத் திரும்பினேன்.

என் கணவர் இறந்த பிறகு தம்பி என்னோடு வந்து தங்கினான். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது, அவனுக்கு நாற்பத்தொன்று. கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். முப்பது வயதிலிருந்தே அவனுக்கு நீரிழிவு உண்டு. அதைத் தூரத்து உறவினரைப் போல நடத்தினான். வாசலில் வந்து நின்றால் கவனிப்பான், இல்லாவிட்டால் மறந்துவிடுவான். கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லி மருத்துவமனையிலிருந்து வந்த அட்டை, குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டுப் பல மாதங்களாக அப்படியே இருந்தது. கேட்டால், "பரீட்சை முடியட்டும்க்கா" என்பான். ஒரு பரீட்சை முடிந்தால் இன்னொரு பரீட்சை வரும்.

அந்த ஆண்டு ஊரெங்கும் வால்நட்சத்திரப் பேச்சு. முக்கால் நூற்றாண்டுக்கு ஒருமுறை வருவது என்று சொல்லி எல்லாரும் ஆவலாக இருந்தார்கள். விடியுமுன் கடற்கரைக்குப் போய்ப் பார்த்தவர்கள் ஒரு பஞ்சுத் துணுக்கைக் கண்டு திரும்பினார்கள். என் அலுவலகத்தில் ஒருவர், "ஒங்க தம்பியோட நட்சத்திரத்துக்கு வால யாரு வெட்டுனா?" என்று வாரம் தவறாமல் கேட்பார்.

தம்பி அதைக் கண்ணால் பார்க்க அலையவில்லை. சூரியனை நெருங்கும்போது வால்நட்சத்திரத்தின் பனி வாயுவாகிப் பீறிடுகிறது. பனியில் சிக்கியிருந்த தூசியும் அதோடு கிளம்புகிறது. எவ்வளவு வாயு, எவ்வளவு தூசி என்பதைப் புற ஊதா ஒளியில் நன்றாகப் பிரித்து அறியலாமாம். ஆனால் அந்த ஒளியில் பெரும்பகுதியைக் காற்று தரைக்கு விடுவதில்லை. அதனால் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு தொலைநோக்கி அதைப் பதிவு செய்து அனுப்பியது. வெளிநாட்டில் தம்பிக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் அந்தப் பதிவுகளைக் கோட்டுப்படங்களாக நகலெடுத்து அவனுக்குத் தபாலில் அனுப்பி வந்தார்.

ஒவ்வொரு படத்திலும் மலைபோல் எழும் சிகரங்கள் வாயுவைக் காட்டும். அவற்றில் பெரிய சிகரம், சூரிய ஒளியில் தண்ணீர் மூலக்கூறு உடைந்து மிஞ்சிய துண்டிலிருந்து வருவது. சிகரங்களுக்கு அடியில் தரைபோல் ஓடும் கோடு தூசியைக் காட்டும். தூசி தானாக ஒளிர்வதில்லை, சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். சிகரத்தின் பரப்பையும் தரையின் உயரத்தையும் நாள் வாரியாக அளந்தால், வாயுவும் தூசியும் சேர்ந்து கூடுகின்றனவா, தனித்தனியாகக் கூடுகின்றனவா என்று சொல்லலாம். அளப்பது எனக்குப் பழகிய வேலை என்பதால் அது என் பங்கு. கணக்கு அவன் பங்கு.

அந்தத் தொலைநோக்கியின் கேமராவிலும் சில குறைகள் இருந்தன. அவை எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் ஒரு பொய் முள்ளாகவோ பள்ளமாகவோ தெரியும். அவற்றை வால்நட்சத்திரத்தின் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. தம்பி அதில் மிகவும் கண்டிப்பானவன். "வால்நட்சத்திரம் மாறிக்கிட்டே இருக்கும்க்கா. மாறாம ஒரே எடத்துல நின்னா அது கேமராவோட அழுக்கு" என்பான்.

ஜூன் மாதம் அவனுடைய பங்கைப் பேராசிரியருக்கு அனுப்ப வேண்டும். அத்தனை வருடங்களாக ஒரே பாடத்தை ஒரே கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவனுக்கு, ஆராய்ச்சி என்று கையில் கிடைத்தது அது ஒன்றுதான். சாப்பிடும்போதும் அதே நினைப்பு.

அந்த ஒரு வாரமாக அவன் அடிக்கடி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நகல் சரியில்லை, படத்தில் புள்ளிகள் விழுந்திருக்கின்றன என்று குறைப்பட்டான். அன்று மதியச் சாப்பாடு முடிந்ததும், கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று கடையில் காட்டிப் பார்க்கலாம் என்றான். எனக்கும் தேக்கா சந்தையில் மீன் வாங்க வேண்டியிருந்தது. இருவரும் பஸ் ஏறிச் சிராங்கூன் சாலைக்குப் போனோம்.

கண்ணாடிக் கடைக்காரர் எங்கள் பங்குக் கோயிலுக்கு வருபவர். தம்பியைக் கண்டதும் சிரித்தார்.

"என்ன சார், வால்நட்சத்திரத்தப் பாத்துப் பாத்துக் கண்ணாடி தேஞ்சிருச்சா?"

"கீறல் விழுந்திருக்குன்னு நெனக்கிறேன். படிக்கிறப்ப புள்ளி புள்ளியாத் தெரியுது."

அவர் கண்ணாடியைக் கழுவி, துடைத்து, குழல் விளக்குக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு நகக்கீறல்கூட இல்ல சார். குடுத்தப்ப எப்டி இருந்துச்சோ அப்டியே இருக்கு. எதுக்கும் பவர் செக் பண்ணிப் பாத்துரலாமா?"

"பவர் சரியாத்தான் இருக்கு. எழுத்து பளிச்சுன்னு தெரியுது."

"அப்ப நான் என்ன பண்றது? இல்லாத கீறல எடுத்தேன்னு சொன்னா, நாளைக்குப் பூசையில அக்கா என்னைய மொறைப்பாங்க லா."

மூவரும் சிரித்தோம். கடைக்காரர் வரவழைத்துக் கொடுத்த தேநீரில் சீனி இல்லையே என்று தம்பி முகத்தைச் சுளித்தான். நன்றாக நினைவிருக்கிறது, அவன் அன்று உற்சாகமாகவே இருந்தான். பஸ்ஸில் வரும்போது உற்சாகம் இன்னும் கூடியது.

"கண்ணாடியில இல்லன்னு ஆயிருச்சு. அப்ப படத்துலதான். எந்தப் படத்த எடுத்தாலும் பெரிய சிகரத்துக்குக் கொஞ்சம் வலது பக்கமா அந்தப் புள்ளிங்க நிக்குதுக்கா. ஒரே எடம். கேமராவுல புதுசா ஒரு குறை வந்திருக்கு. இத இன்னும் யாரும் சொல்லல."

"யாரும் பாத்திருக்க மாட்டாங்களா?"

"பாத்திருந்தா புரொபசர் எழுதியிருப்பாரே. நாமதான் மொதல்ல பாத்திருக்கோம். இன்னைக்கே அவருக்கு லெட்டர் எழுதணும்."

'நாம' என்று அவன் என்னையும் சேர்த்துக்கொண்டது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மீனைக் கழுவி வைத்தேன். தம்பி அதற்குள் கூடத்து மேசையில் படங்களைப் பரப்பியிருந்தான். அந்த மேசை, அலுவலகத்தில் கழித்துப் போட்டதை நான் கேட்டு வாங்கி வந்தது. மேலே பால் நிறக் கண்ணாடி, அடியில் விளக்கு. படத்தை வைத்து அதன்மேல் மெல்லிய தாளைப் போட்டால் கோடுகள் மேலே தெரியும், அப்படியே பிரதி எடுக்கலாம்.

"நான் காட்டுற எடத்துல பென்சில்ல ஒரு வட்டம் போடு. லெட்டரோட வைக்கணும்" என்று சிகரத்தின் வலப்புறம் விரலை வைத்தான்.

குனிந்து பார்த்தேன். கோடு மட்டும் ஓடியது. வேறொன்றும் இல்லை.

"எங்க?"

"இங்கதான். மூணு புள்ளி. பக்கத்துல நூல் மாதிரி ஒண்ணு."

"அங்க ஒண்ணுமே இல்லையேடா."

"நல்லாப் பாருக்கா."

பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தேன். வெறும் தாள்.

"கப்பல் படம் வரைஞ்சு வரைஞ்சு ஒன் கண்ணு போயிருச்சு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்தே என்னை அப்படித்தான் சீண்டுவான். "ஏதாவது ஒரு படத்த எடு. எதுல வேணும்னாலும் காட்டுறேன்."

அடியிலிருந்து மார்ச் மாதப் படம் ஒன்றை உருவிக் கொடுத்தேன். விளக்கின்மேல் வைத்துப் பார்த்த உடனே, "இதுலயும் இருக்கு" என்றான். ஏப்ரல் படத்தைக் கொடுத்தேன். அதிலும் இருந்தது. எனக்கு எதிலும் தெரியவில்லை.

எங்கள் வரைபடப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. விளக்கு மேசையில் ஒரு கறை தெரிந்தால், அது தாளிலா மேசைக் கண்ணாடியிலா என்று அறியத் தாளைத் தலைகீழாகத் திருப்புவோம். கறையும் கூடத் திரும்பினால் அது தாளில் இருப்பது. நின்ற இடத்திலேயே நின்றால் மேசையில் இருப்பது. புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பது. வேறொன்றும் நினைக்காமல், பழக்கத்தில் அந்தப் படத்தைத் திருப்பினேன்.

சிகரம் தலைகீழாக இடது பக்கம் போனது.

"இப்ப புள்ளி எங்க இருக்கு?"

அவன் சற்று நேரம் பார்த்தான். "அங்கயேதான். வலது பக்கம்."

"அப்ப படத்துல இல்ல. மேசைக் கண்ணாடியில அழுக்கு" என்றேன். உண்மையில் எனக்கு நிம்மதியாக இருந்தது. என் கண்ணில் கோளாறில்லை, மேசையில் ஏதோ இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தேன். பிறகு காய்ந்த துணியால் துடைத்தேன். "இப்ப?"

அவன் மேசையிலிருந்து மெல்ல முகத்தைத் தூக்கி, சன்னலுக்கு வெளியே பார்த்தான். எதிர் அடுக்குமாடி புளோக்கின் பக்கச் சுவர் அப்போதுதான் வெள்ளை அடித்தது, மாலை வெயில் அதில் முழுதாக விழுந்திருந்தது. அந்தச் சுவரை அவன் பார்த்தான். கண்ணை இடது பக்கம் நகர்த்தினான், பிறகு வலது பக்கம். ஒரு கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தான். கையை மாற்றிப் பார்த்தான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான்.

"செவுத்துலயும் இருக்குக்கா" என்றான்.

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் போய் மூட வேண்டும் என்று நினைத்தேன்.

"எடது கண்ணுல" என்றான். பிறகு ஒரு சின்னச் சிரிப்போடு சொன்னான்: "கேமராவுலதான் குறை. எந்தக் கேமரான்னுதான் நான் பாக்கல."

உடனே கிளம்பலாம் என்றேன். அவன் செருப்பு மாட்டக் குனிந்தவன், சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அக்கா, மேலேர்ந்து பொக மாதிரி எறங்குது." சற்றுக் கழித்து, "செவப்பா இருக்கு" என்றான். அவன் குரல் அப்படி மெலிந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அவன் தோளைப் பிடித்துக் கீழே கூட்டி வந்தேன். வாடகைக் கார் ஓட்டியவர் வயதான சீனர். எனக்குச் சீனம் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் சரியாக வராது. தம்பி தலையைப் பின்னால் சாய்த்து இடது கண்ணைக் கையால் மூடியிருந்ததைப் பின்புறம் காட்டும் கண்ணாடியில் பார்த்தார். மருத்துவமனை வாசலில் நிறுத்தியதும் தானே இறங்கி ஓடி, எங்கிருந்தோ ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தம்பியை உட்கார வைத்து, அவன் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி மிதியில் வைத்துவிட்டுப் போனார். நான் நன்றி சொன்னதாக நினைவில்லை.

கண் டாக்டர் இளைஞர். கண்ணில் மருந்து விட்டு, இருட்டறையில் வெகுநேரம் பார்த்தார். நீரிழிவினால் விழித்திரையில் மெல்லிய இரத்தக் குழாய்கள் புதிதாக முளைத்திருக்கின்றன, அவை உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கசிகிறது என்றார். இடது கண்ணுக்குள் இப்போது எதையும் பார்க்க முடியவில்லை, உள்ளே என்ன மிஞ்சியிருக்கிறது என்று சொல்ல முடியாது. வலது கண்ணிலும் அதே குழாய்கள் இருக்கின்றன. அவை உடைவதற்குள் லேசர் வைக்க வேண்டும்.

"புள்ளிகள் எப்போதிலிருந்து தெரிகின்றன?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒரு வாரமாக" என்றான் தம்பி.

"ஏன் உடனே வரவில்லை?"

"தூசி என்று நினைத்தேன்."

"என்ன தூசி?"

நான்தான், இவர் வால்நட்சத்திரத்தின் வாயுவையும் தூசியையும் பற்றி ஆராய்கிறார், அந்தப் படங்களில் உள்ள குறை என்று நினைத்துவிட்டார் என்று சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தொடர்ந்து எழுதினார்.

வார்டில் சேர்த்தார்கள். இரத்தம் அடியில் படிய வேண்டும் என்று தலைமாட்டை உயர்த்தி, கண் அசையாமல் இருக்க இரண்டு கண்களையும் பஞ்சு வைத்துக் கட்டினார்கள். அங்கிருந்த மிஸ்ஸி, அதாவது தாதி, தமிழ்ப் பெண். "அண்ணே, குனியக் கூடாது, இருமக் கூடாது, பெரிய சாமியார் மாதிரி அப்டியே ஒக்காந்துருக்கணும் லா" என்றாள். தம்பி சிரிக்க முயன்றான்.

அவள் போன பிறகு கேட்டான்:

"அக்கா, அந்தப் படத்துல உண்மையிலேயே ஒண்ணுமில்லையா?"

"இல்லடா. சுத்தமா இருந்துச்சு."

"மூணுலயுமா?"

"மூணுலயும்."

"நல்லவேள, லெட்டர் போடல" என்றான். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். சற்று நேரம் கழித்து, "லைட்டு எரியுதா?" என்று கேட்டான்.

எரிகிறது என்றேன். தலைக்கு நேர் மேலே எரிந்துகொண்டிருந்தது.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வலது கண்ணுக்கு லேசர் வைத்தார்கள். அதன் நடுப்பகுதி பிழைத்தது, ஓரப் பார்வை போய்விட்டது. இடது கண்ணுக்கு ஆபரேஷன் செய்தும் வெளிச்சமும் இருட்டும் தவிர வேறெதுவும் திரும்பவில்லை. பேராசிரியரின் படங்களை நாங்கள் முடித்துத்தான் அனுப்பினோம், சொன்ன மாதத்தில் முடியவில்லை. நான் அளந்து வாய்விட்டுச் சொல்வேன். அவன் நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டு, மனத்திலேயே கணக்குப் போட்டு விடையைச் சொல்வான். சில சமயம் நடுவில் நிறுத்தி, "அந்தக் கோடு எப்டி இருக்குன்னு சொல்லேன்" என்பான். சிகரம் இப்படி எழுகிறது, தரை இப்படிச் சரிகிறது என்று வர்ணிப்பேன். அவன் கேட்டுக்கொண்டே இருப்பான்.

அவனைக் கவனமில்லாதவன் என்று எங்கள் உறவினர்கள் பேசினார்கள். மருந்து விஷயத்தில் அது உண்மை. ஆனால் அந்த ஒரு வாரத்தில் நடந்தது அதனால் மட்டும் அல்ல என்று நான் நினைக்கிறேன். நகலைச் சந்தேகப்பட்டான், மூக்குக் கண்ணாடியைச் சந்தேகப்பட்டான், வானத்தில் சுற்றும் கேமராவைக்கூடச் சந்தேகப்பட்டான். வேறு யாருக்காவது கண் முன் புள்ளி பறந்திருந்தால் முதல் நாளே பயந்து டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். குறைகளைக் கண்டுபிடிப்பதே வேலையாக இருந்தவனுக்கு அது இன்னொரு குறையாகத் தெரிந்தது. அதைக் கண்டுபிடித்ததில் அவனுக்குச் சந்தோஷமும் இருந்தது. எனக்கு இன்றும் தாங்க முடியாமல் இருப்பது பஸ்ஸில் பார்த்த அந்தச் சந்தோஷமான முகம்தான்.

அவனை வார்டில் விட்டு வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் விளக்கைப் போடவில்லை, ஜெபமும் சொல்லவில்லை. கட்டிலிலிருந்து இறங்கிக் கண்களை இறுக மூடிக்கொண்டு, தம்பியின் அறை வாசலிலிருந்து குளியலறை வரை கைகளை நீட்டி நடந்து பார்த்தேன். செருப்பு அலமாரியில் கால் இடித்தது. அடுத்து, சமையலறைத் திருப்பத்தில் அரிசி வாளி. இரண்டையும் அங்கிருந்து அகற்றிவிட்டு, கண்ணைத் திறக்காமல் மறுபடியும் முதலிலிருந்து நடந்தேன். இத்தனை ஆண்டுகள் ஆன பின்பும் அந்த வழியில் நான் எதையும் வைப்பதில்லை.